திரையில் நன்றாகத் தெரிந்த முகம்

அன்புள்ள பெரியவனுக்கு,

நானும் உன் தங்கச்சியும் இங்கே மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறோம், அதை நலம் என்று எழுதலாம் என்றால் நலம். நீ நன்றாகத்தான் இருப்பாய், உனக்கென்ன குறை, அதனால் உன் நலத்தை விசாரித்து ஒரு வரியை வீணாக்கவில்லை. போனிலேயே சொல்லியிருக்கலாமே, எதற்குக் கடுதாசி என்று கேட்பாய். போனில் நான் வாயைத் திறந்ததும் "சரிம்மா, சரிம்மா, அப்புறம் பேசறேன்" என்று வெட்டிவிடுவாய். காகிதத்தை அப்படி வெட்ட முடியாது பார். கிழிக்கலாம், ஆனால் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காமல் கிழிக்க உனக்கு மனசு வராது, உன்னைப் பெற்றவள் எனக்குத் தெரியாதா. என் முட்டி வலி அப்படியே இருக்கிறது. உன் மனைவி அனுப்பிய கால் பிடித்துவிடும் மிஷினைப் பட்டறைக் கதவுக்கு முட்டுக் கொடுத்து வைத்திருக்கிறோம், காற்றடித்தால் கதவு டமார் டமார் என்று அடித்துக்கொள்ளாமல் நன்றாக உழைக்கிறது, நன்றி சொன்னதாகச் சொல். பட்டறைக் கூரை ஒழுக்கு அடைத்தாகிவிட்டது. ஏணியில் ஏறியது உன் தங்கச்சிதான், வேறு யார் ஏறுவார்கள்.

போன வாரம் நீ எனக்கென்று அவள் போனுக்குப் பேசி அனுப்பியிருந்ததை அவள் எனக்குப் போட்டுக் காட்டினாள். போனைச் சமையலறை மேடையில் வைத்துவிட்டு, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பாத்திரம் கழுவினாள். அங்கே வேலையை விட்டுவிட்டு வருகிறாயாம், பட்டறையை இனி நீயே பார்த்துக்கொள்வாயாம், சாவியை அவளிடமிருந்து நான் வாங்கி வைக்கவேண்டுமாம். "அவ என்னைக்கிருந்தாலும் இன்னொரு வீட்டுக்குப் போறவதானே, அப்பாவுக்கு அப்புறம் மகன்தானேம்மா" என்று எவ்வளவு இனிப்பாகச் சொல்கிறாய்! கடைசியில், அப்பாவின் கல்லறைக் கல் வேலை முடிந்ததா, ஒரு போட்டோ அனுப்பு, நண்பர்களுக்குக் காட்டவேண்டும் என்று வேறு கேட்டிருந்தாய். அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை எடுத்து மேசையில் என் முன்னால் வைத்துவிட்டுப் போய்விட்டாள். சத்தம் போட்டிருந்தாலாவது நானும் பதிலுக்குச் சத்தம் போட்டிருப்பேன். இதை எழுதும்போது அந்தச் சாவிக்கொத்து என் முழங்கைக்குப் பக்கத்தில்தான் கிடக்கிறது, எழுத எழுத இடிக்கிறது. இது யார் கைக்குப் போகவேண்டும் என்று சொல்வதற்குத்தான் இந்தக் கடுதாசி, ஆனால் அதற்கு முன்னால் உனக்கு ஒரு பாடம் நடத்தப்போகிறேன். சிரிக்காதே.

கம்ப்யூட்டரில் ஒரு ஃபைலைச் சொடுக்கினால் அதை எந்தப் புரோகிராம் திறக்கவேண்டும் என்று அதற்கு எப்படித் தெரிகிறது? நீ அதிலேயே சோறு தின்கிறவன், உனக்குத் தெரிந்திருக்கும். இருந்தாலும் உன் தங்கச்சி எனக்குச் சொல்லிக்கொடுத்ததை அப்படியே சொல்கிறேன், கேள். ஃபைலுக்குள் என்ன இருக்கிறது என்று அது எட்டிக்கூடப் பார்ப்பதில்லையாம். பெயரின் கடைசியில் ஒரு புள்ளி, புள்ளிக்குப் பின்னால் மூன்று நான்கு எழுத்தில் ஒரு வால், அந்த வாலை மட்டும்தான் பார்க்கிறது. இந்த வால் வந்தால் இன்ன புரோகிராமைக் கூப்பிடு என்று தனக்குள் குறித்து வைத்திருக்கிறது, உடனே கூப்பிட்டுவிடுகிறது, அவ்வளவுதான் அதன் மூளை. கூப்பிட்ட ஆசாமி அந்த வேலைக்கு லாயக்கா என்று அதற்குக் கவலையே இல்லை. ஒரு பாட்டு ஃபைலுக்குப் படத்தின் வாலை ஒட்டிவிட்டால் படம் காட்டுகிற புரோகிராமைக் கூப்பிட்டுவிட்டு இரண்டும் சேர்ந்து முழிக்கும், அவள் செய்தே காட்டினாள். போதாக்குறைக்கு அந்த வாலை நம் கண்ணில் படாமல் மறைத்து வேறு வைத்திருக்குமாம். நடுவில் யாராவது வந்து, இனிமேல் இதை இன்னொன்றில் திற என்று கைகாட்டி, எப்போதும் அப்படியே செய் என்ற கட்டத்தில் ஒரு டிக் போட்டுவிட்டால் போதும், பழைய ஆளைத் தூக்கி எறிந்துவிடும், அதற்குப் பிறகு யாரையும் கேட்காது. டிக் போட்டவர் பெட்டியைக் கட்டிக்கொண்டு விமானம் ஏறிப் போனாலும் டிக் அங்கேயே கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருக்கும்.

மனிதர்களிடம் மட்டும் என்ன வாழ்கிறதாம். உங்கப்பா பாலிஷ் போடும் இடத்தில் சரிந்து விழுந்தபோது தூக்கியது உன் தங்கச்சி. வண்டியில் ஏற்றியது அவள், ஆஸ்பத்திரி வராந்தாவில் கை முழுக்கக் கல்தூசியோடு நின்றது அவள். வெளியே வந்த டாக்டர் அவளைத் தாண்டி என்னைப் பார்த்து "பையன் இல்லையா?" என்றார். வெளிநாட்டில் இருக்கிறான் என்றேன். "பரவாயில்லை, போன்ல புடிங்க, அவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கறேன்" என்றார். எதிரே நிற்கிறவளிடம் கேட்கவேண்டும் என்று அந்த மனிதருக்குத் தோன்றவே இல்லை. உன்னைக் கூப்பிட்டோம். நீ மீட்டிங்கில் இருந்தாய், கட் செய்தாய். மறுபடி கூப்பிட்டோம், மறுபடி கட் செய்தாய். நீ திரும்பிக் கூப்பிட்டபோது கேட்பதற்கு டாக்டருக்கு ஒன்றும் மிச்சமில்லை. இதைச் சொல்லிக்காட்டக் கூடாது என்று இத்தனை நாள் வாயைக் கட்டிக்கொண்டிருந்தேன், இப்போது சொல்லிக்காட்டிவிட்டேன், எனக்கு நிம்மதியாக இருக்கிறது.

சரி, கல்லுக்கு வருகிறேன். அப்பா காரியத்துக்கு நீ வந்திருந்த அந்தச் சில நாட்களில் ஒரு மத்தியானம் பட்டறை ஆபீஸ் அறையில் உட்கார்ந்து அப்பாவின் போட்டோவைத் திறந்தாய் அல்லவா, நான் காபி கொண்டுவந்து வைத்தபோது பார்த்தேன். அது நம் கல்வேலைப் புரோகிராமில் திறந்தது. போட்டோ வால் உள்ள எதைச் சொடுக்கினாலும் அதில்தான் திறக்கவேண்டும் என்று உங்கப்பா லேசர் மிஷின் வாங்கின அன்றைக்கே வைத்தது. கருங்கல்லில் லேசர் சுட்ட இடம் வெளுக்கும், போட்டோவில் கருப்பாக இருப்பதைத்தான் மிஷின் சுடும், அப்படியே அனுப்பினால் எல்லாம் தலைகீழாக வந்துவிடும். அதனால் அந்தப் புரோகிராம் திறந்தவுடனேயே கருப்பை வெள்ளையாக்கி வெள்ளையைக் கருப்பாக்கித் திருப்பிவிடும். திரையில் பார்த்தால் முகம் கரியாகவும், தலைமயிர் நரைத்தும், கண்மணி வெள்ளையாகவும் பேயாகத்தான் தெரியும், கல்லில் அது ஆளாக வரும். உங்கப்பா புது ஆள் யார் வந்தாலும் முதலில் சொல்வது, "திரையில பேய் மாதிரி தெரிஞ்சா அமுக்கு, ஆள் மாதிரி தெரிஞ்சா நிறுத்து" என்பதுதான். இந்தக் கல்லில் சோறு தின்று வளர்ந்த உனக்கு அது ஞாபகம் வரவில்லை. "என்ன கண்றாவிம்மா இது, அப்பாவை இப்படிக் காட்டுது" என்று முகத்தைச் சுளித்தாய். உன்னுடைய அழகான புரோகிராம் ஒன்றை இறக்கி, அதில் திறந்து, முகத்துக்கு வெளிச்சம் கூட்டி, நண்பர்களுக்கெல்லாம் அனுப்பினாய். எத்தனை பேர் அழுதார்கள் என்று எனக்கே காட்டினாய். உங்கப்பாவை ஒரு நிமிஷம் பேயாகப் பார்க்க உனக்குப் பொறுக்கவில்லை, அதற்காக எப்போதும் என்று ஒரு டிக் போட்டுவிட்டு எழுந்து போனாய். காபி ஆறிக் கிடந்தது, நான்தான் கொட்டினேன்.

நீ போன பிறகு வந்ததெல்லாம் வெறும் எழுத்துக் கற்கள், அந்த ஃபைல்களுக்கு வேறு வால், அவை பழையபடியே திறந்தன, யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. முதலில் வந்த முகம் உங்கப்பாவுடையதுதான். அன்றைக்கு உன் தங்கச்சி அடித்தளம் பூசுவதை மேற்பார்வை பார்க்கக் கல்லறைக்குப் போயிருந்தாள். மிஷினில் கொக்கு மட்டும். கொக்கைத் தெரியும் அல்லவா, சுவரில் ஒரு காலை மடக்கி ஊன்றி ஒற்றைக் காலில் நின்றே மிஷின் ஓட்டுவதால் உங்கப்பா வைத்த பெயர், சின்ன வயதில் உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு கல் அடுக்குகளுக்கு நடுவே ஓடினவர். அவர் ஃபைலைச் சொடுக்கினார். உன் புரோகிராம் திறந்தது. பொத்தான்கள் வேறு மாதிரி இருந்ததைப் பார்த்து, சின்ன முதலாளி ஏதோ புதுசாக்கி வைத்துவிட்டுப் போயிருக்கிறார் என்று பெருமையாக நினைத்துக்கொண்டாராம். லேசர் மிஷின் கம்ப்யூட்டருக்கு ஒரு பிரிண்டர் மாதிரிதானே, எதிலிருந்து அனுப்பினாலும் வாங்கிக்கொள்ளும். முகம் ஆளாகத் தெரிந்தது. நிறுத்தியிருக்கவேண்டும். எத்தனையோ பேருடைய முகத்தில் நிறுத்தத் தெரிந்த மனிதருக்கு அன்றைக்கு மட்டும் கை வரவில்லை. திரை நிறைய அய்யா உயிரோடு உட்கார்ந்து தன்னையே பார்க்கிற மாதிரி இருந்ததாம், கண் நிறைந்துவிட்டதாம், கும்பிட்டுவிட்டுப் பொத்தானை அமுக்கிவிட்டார்.

தூசிக்குப் பயந்து மிஷின் மூடி போட்டுத்தான் ஓடும், உனக்குத் தெரியும். முடிந்து, கல்லை வெளியே இழுத்து, குழாயைத் திறந்து தண்ணீர் ஊற்றிக் கழுவும்போதுதான் முகம் தெரியும். உன் தங்கச்சி திரும்பி வந்துவிட்டாள், நானும் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டேன், பக்கத்துப் பட்டறைக்காரர்கள்கூட வந்து நின்றார்கள். பெரிய முதலாளியின் கல் அல்லவா. தூசி கரைந்து ஓட ஓட உங்கப்பா வெளியே வந்தார். முகம் கருப்பு. மீசை வெள்ளை. கண்ணில் மணி இருக்கவேண்டிய இடத்தில் இரண்டு வெள்ளைப் பொட்டு. பக்கத்துப் பட்டறைப் பையன் ஒருவன் களுக்கென்று சிரித்துவிட்டான், அவன் முதலாளி அவனை அங்கேயே அறைந்தார். நான் சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. கொக்கு மட்டும் ஈரக் கல்லைத் தன் சட்டையால் துடைத்துக்கொண்டே இருந்தார், துடைத்தால் மாறிவிடும் என்பது போல.

உன் தங்கச்சி உனக்குப் போன் போட்டு, கம்ப்யூட்டரில் ஏதாவது மாற்றினாயா என்று கேட்டாள். நீ என்ன சொன்னாய்? "நான் எதையும் தொடவே இல்லை, அந்தக் கிழத்துக்குக் கண் போயிடுச்சு, முதல்ல அதை நிறுத்து" என்றாய். அவள் நிறுத்தமாட்டாள் என்று தெரிந்து, எங்களுக்குச் சொல்லாமல் நீயே அவரைக் கூப்பிட்டு, உனக்குக் கண் போய்விட்டது, நாளையிலிருந்து வரவேண்டாம், அப்பா முகத்தைக் கெடுத்ததற்கு இத்தோடு விடுவதே பெரிசு என்று சொல்லிவிட்டாய். அவரும் ஏன் என்று கேட்கவில்லை. முதலாளிக்கு மகன், மகன் சொன்னால் முதலாளி சொன்ன மாதிரி, அவருக்குள்ளும் அப்படித்தான் குறித்து வைத்திருக்கிறது. அன்றைக்குக் கண்ணாடியையும் சாப்பாட்டு டப்பாவையும் எடுத்துக்கொண்டு போனவர் மறுநாளிலிருந்து வரவில்லை. உடம்பு சரியில்லை போல என்று நாங்கள் நினைத்தோம். அவர் மருமகள் வந்து சொல்லித்தான் தெரியும், சரியாகச் சாப்பிடுவதில்லையாம், உள்ளங்கையைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறாராம், கண் போய்விட்டதா என்று சோதிக்கிறாராம். நீ சொன்ன ஒரு சொல்லுக்கு. நல்ல காரியம் செய்தாயடா ராசா, நல்ல கண்ணை வைத்துக்கொண்டிருக்கிற ஒரு மனிதனைத் தன்னைக் குருடன் என்று நம்ப வைத்தாய்.

உன் தங்கச்சி அந்த வாரம் முழுக்கக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து நோண்டிக் கண்டுபிடித்தாள், டிக் இருந்த இடத்தையும், எந்த நாளில் உன் புரோகிராம் உள்ளே வந்தது என்பதையும். அன்றைக்கு ஆபீஸ் அறையில் உட்கார்ந்தது யார் என்று எனக்குத்தான் தெரியுமே. கொக்கை வரச்சொன்னால் வரமாட்டேன் என்றுவிட்டார். அதனால் கம்ப்யூட்டரையும் திரையையும் கழற்றிக் கல் ஏற்றும் வண்டியில் வைத்துக் கட்டி, அவர் வீட்டுக்கே கொண்டுபோனாள், நானும் கூடப் போனேன். அவர் கட்டில் மேல் திரையை வைத்து, அதே போட்டோவைச் சொடுக்கினாள், உன் புரோகிராமில் உங்கப்பா நன்றாகச் சிரித்துக்கொண்டு வந்தார். பிறகு டிக்கை எடுத்துவிட்டுச் சொடுக்கினாள், பேயாக வந்தார். பாருங்க, உங்க கண்ணு நல்லாத்தான் இருக்கு, அண்ணன் மாத்தி வச்சதுதான் என்றாள். அவருக்குச் சந்தோஷம் வரும் என்று நினைத்தோம். அவரோ திரையைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டார். "அப்ப அன்னைக்கு அய்யா என்னைப் பார்க்கலையா பாப்பா? அது வேற புரோகிராமா?" என்று கேட்டார். அதற்குப் பதில் உனக்குத் தெரிந்தால் எழுது.

அவர் வந்துவிட்டார், பயப்படாதே. புதுக் கல்லை அவர்தான் ஓட்டினார். இந்த முறை திரையில் பேயைப் பார்த்ததும் கும்பிடவில்லை, அழவில்லை, வேலையாக அமுக்கினார். உங்கப்பா அச்சு அசலாக வந்திருக்கிறார், மூக்கின் மேல் இருந்த தழும்பு உட்பட. கல்லின் அடியில் அதை நாட்டுகிறவர்களின் பெயரைப் போடுவோம் அல்லவா, உன் தங்கச்சி அதை ஒரே வரிசையில் அமைத்திருந்தாள். இடது பக்கம் நான், நடுவில் நீ, கடைசியில் அவள். மூத்தவன் என்று உன் பெயரை ஒரு பிடி பெரிதாகவே போட்டிருந்தாள், அவளுக்கு ரோஷம் என்பதே கிடையாது, உங்கப்பாவைக் கொண்டு பிறந்திருக்கிறாள். நடுவில் இருப்பதை எடு என்றேன். "வேண்டாம்மா, பாவம்மா" என்றாள். கொக்கும் சேர்ந்துகொண்டு, சின்ன முதலாளி மனசு கஷ்டப்படும்மா என்று கெஞ்சினார். அவன் உங்கள் மனசைப் பற்றி யோசித்தானா என்று அவரிடம் கேட்டேன், தலையைக் குனிந்துகொண்டார். கடைசியில் அவர் கையாலேயே அழிக்க வைத்தேன். அப்படியென்றால் நம் இரண்டு பெயரையும் நெருக்கி நடுவுக்குக் கொண்டுவருகிறேன் என்று உன் தங்கச்சி மவுஸைப் பிடித்தாள், கையைத் தட்டிவிட்டேன். உன் பெயர் எவ்வளவு அகலமோ அவ்வளவு இடம் அப்படியே இருக்கட்டும் என்றேன். கல் அப்படித்தான் நிற்கிறது. எனக்கும் அவளுக்கும் நடுவில் ஒன்றும் சுடாத பாலிஷ் கல், கண்ணாடி போல மின்னுகிறது.

போட்டோ கேட்டாய் அல்லவா, இத்துடன் வைத்திருக்கிறேன். ஆனால் அது புதுக் கல்லின் போட்டோ இல்லை, முதல் கல்லின் போட்டோ. அதை நாங்கள் உடைக்கவில்லை, பட்டறைக்குப் பின்னால் சுவரோடு சாய்த்து உனக்கென்று வைத்திருக்கிறேன். உன் அழகான புரோகிராமில் போட்டு வெளிச்சம் கூட்டி நண்பர்களுக்கு அனுப்பு. புதுக் கல்லைப் பார்க்கவேண்டுமானால் நேரில்தான் வரவேண்டும். வந்து, அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, பெயர்களைப் படிக்கக் குனி. நடுவில் உன் மூஞ்சி தெரியும், நீ எவ்வளவு நேரம் நிற்கிறாயோ அவ்வளவு நேரம் இருக்கும்.

இப்போதுதான் எழுந்து போய்ச் சாவிக்கொத்தை உன் தங்கச்சி கையில் திணித்துவிட்டு வந்தேன். அண்ணன் வருத்தப்படுவான் என்றாள், வருத்தப்படட்டும் என்றேன். பட்டறை அவளுடையது. அவள் கல்யாணம் பண்ணிக்கொண்டாலும் அவளுடையது, பண்ணிக்கொள்ளாவிட்டாலும் அவளுடையது, யார் கேட்டாலும், எப்போது கேட்டாலும் அவளுடையது. டாக்டரோ, கல் குவாரிக்காரரோ, இந்த வீட்டில் எது நடந்தாலும் இனி முதலில் அவளைத்தான் கூப்பிடவேண்டும் என்று எல்லாரிடமும் சொல்லிவிட்டேன். நான் போகும்போதும் அப்படித்தான். உனக்கு அவள் சாவகாசமாகச் சொல்வாள், மீட்டிங் ஒன்றும் கெடாது.

கொக்குக்கு ஒரு போன் போடு. மன்னிப்புக் கேட்கத் தெரியாவிட்டால் கண் எப்படி இருக்கிறது என்றாவது கேள். அங்கே குளிர் அதிகம் என்றாயே, காதை மூடிக்கொள், உனக்குச் சின்ன வயதிலிருந்தே காதுதான் முதலில் வலிக்கும். நீயும் உன் மனைவியும் நோய்நொடி இல்லாமல், வாய்க்கு ருசியாகத் தின்று, நல்ல தூக்கம் தூங்கி, ரொம்ப காலம் இருங்கள், இதில் எனக்கு எந்தக் கோபமும் இல்லை, மனசாரச் சொல்கிறேன். வருவதானால் சொல்லிவிட்டு வா, வந்து வாசல் மணியை அடி, உன் தங்கச்சி திறப்பாள். ஒன்று மட்டும் மறக்காதே. என் போட்டோவையும் அவளைக்கொண்டு எடுக்கவைத்து அந்தக் கம்ப்யூட்டரில் போட்டு வைத்துவிட்டேன், திரையில் நல்ல பேயாக இருக்கிறேன், கல்லில் சரியாக வருவேன். நீ வந்தால் அதைத் திறக்காதே.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற அம்மா